மருமவ கோச்சிக்கினா

இரும்புக்கு மூஞ்சி ஏது, தூக்கி வைத்துக்கொள்ள? ஆனால் ரங்கநாதன் தெருவில் அய்யாதுரையின் ஜவுளிக்கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கே வந்துவிடுவார்கள். அங்கே ஓடும் பழைய கம்பிக்கதவு லிஃப்டுக்குக் கோபம் வரும், ரோஷம் வரும், பசிகூட வருமாம். பெயரே மருமகள். வைத்தவள் தேசம்மா, பன்னிரண்டு வருஷமாக அதற்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஜனங்களை ஏற்றி இறக்குகிறவள்.

கொட்டிவாக்கத்து மீனவக் குடும்பம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, மகன் ஜான் கடலுக்குப் போகிற வயசு வரும்வரை அந்த ஸ்டூல்தான் சோறு போட்டது. லிஃப்ட் நடுவழியில் நின்றால் மற்றவர்களுக்கு வியர்த்துக் கொட்டும். தேசம்மா கம்பியை இரண்டு தட்டுத் தட்டி, "இன்னாடி, மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? மாமியா சொல்றேன், போம்மா" என்பாள். அது கிளம்பும். கடையே சிரிக்கும். தேசம்மா சொன்னால்தான் கேட்கும் என்று முதலாளியே வாடிக்கையாளரிடம் பெருமையடிப்பார்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் புதுசாக ஒரு பழக்கம் வந்தது. மாடியில் நின்றபிறகு, டொக்கென்று ஒரு சத்தம். ஒரு சாண் கீழே இறங்கும். மருமகள் பல்லைக் கடிக்கிறாள் என்று தேசம்மா சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள்.

பழுது பார்க்கிற நதீம் ஆயுத பூஜையன்று வந்தான். லிஃப்டுக்குச் சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. மேலே ஏறி மிஷினைப் பார்த்துவிட்டு இறங்கியவன், இன்றைக்கே நிறுத்த வேண்டும் என்றான். பூசை போட்ட அன்றைக்கு இரும்பில் கை வைக்கக்கூடாது, அதுவும் தீபாவளி யாவாரம் தலைக்குமேல் நிற்கிறது என்றார் அய்யாதுரை. நதீம் தேசம்மாவிடம் திரும்பினான்.

"அக்கா, இதுக்குக் கோவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பிரேக் தேஞ்சு போச்சு. ஒருநாள் புடிக்காது. நீயாவது சொல்லு."

சொல்லியிருக்கலாம். அந்த டொக் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அவளுக்குத்தானே தெரியும்! ஆனால் இதை நிறுத்தினால் கதவு தானே திறந்து மூடும் புது லிஃப்ட் வரும். அதில் ஸ்டூல் கிடையாது. வேலை போய்விடும் என்ற பயத்துக்குப் பக்கத்தில் மற்றப் பயம் சின்னதாகத் தெரிந்தது.

"நம்ம மருமவதானே மொதலாளி," என்றாள். "நான் சொன்னா கேப்பா."

தீபாவளி முடியட்டும் என்றார் அய்யாதுரை. நதீம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. தெருவில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். மூன்று மணிக்குத்தான் தேசம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம் கிடைத்தது. கம்பிக்கதவுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாலாவது மாடிக்குப் போய் டப்பாவைத் திறந்தாள். இரண்டு வாய் போட்டிருப்பாள், போன் அடித்தது. சேலைப் பிரிவு ரூபீனா.

"தேசம்மாக்கா, உன் மருமவ மூணாவது மாடிகிட்ட நின்னுட்டா. சாவி எடுத்துக்கினு சீக்கிரம் வா."

"கோச்சிக்கினாளா? நிக்கட்டும். துன்னுட்டு வரேன்."

ரூபீனா இன்னும் ஏதோ கத்தினாள். இரைச்சலில் காதில் விழவில்லை. தேசம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். நிதானமாகச் சாப்பிட்டாள். டப்பாவைக் கழுவினாள். இரண்டு தட்டுத் தட்டினால் போகப்போகிற கழுதைக்கு என்ன அவசரம்?

பத்து நிமிஷம் கழித்து, படிக்கட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரூபீனாவே மேலே வந்தாள். மூச்சு வாங்கியது.

"நான் சொன்ன மருமவ லிஃப்டு இல்லக்கா. உள்ள ஜெனிதா."

ஜெனிதா ஜானின் மனைவி. ஏழு மாசம். மாமியாருக்குச் சுடச்சுட மீன் குழம்பு கொண்டுவந்திருக்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரி படியேறுவாளா என்று, மேலே போகவிருந்த சேலை மூட்டைகளோடு லிஃப்டில் ஏற்றிப் பட்டனை அழுத்தியது ரூபீனாதான்.

தேசம்மா ஓடினாள். லிஃப்ட் மாடிக்கு ஒரு சாண் கீழே நிற்கும்வரைதான் அந்தச் சாவி கதவைத் திறக்கும். ரூபீனா போன் பண்ணியபோது அது ஒரு சாண் கீழேதான் நின்றிருக்கிறது. இப்போது கம்பி வழியாகக் குனிந்து பார்த்தால், முழங்காலுக்கும் கீழே ஜெனிதாவின் முகம். குழம்புத் தூக்கை இன்னும் கீழே வைக்கவில்லை. தேசம்மா சாவியைப் போட்டுத் திருகினாள். திரும்பவில்லை. யாரோ நதீமுக்குப் போன் பண்ணச் சொல்லிக் கத்தினார்கள்.

டொக். இன்னும் ஒரு சாண்.

தேசம்மாவின் கை தானாகக் கம்பியை இரண்டு தட்டுத் தட்டியது. வாயிலும் பழைய வார்த்தைதான் வந்தது.

"கோச்சிக்காதடி கண்ணு. மாமியா மேல கோச்சிக்காத. அப்டியே நில்லும்மா."

ஜெனிதா அண்ணாந்து பார்த்தாள். தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள், பாவம். அந்த நேரத்திலும் அவளுக்கு மாமியாரைச் சமாதானப்படுத்தத்தான் தோன்றியது.

"நான் கோச்சிக்கல அத்தே," என்றாள். "கதவத் தொற."

டொக்கென்றது. இந்தத் தடவை ஒரு சாணோடு அது நிற்கவில்லை.