கோப்பையைத் தட்டும் விதம்

கோப்பையின் காதை இடது கைச் சுண்டுவிரலில் தொங்கவிட்டு, வலது கை நடுவிரல் நகத்தால் விளிம்பில் ஒருமுறை தட்ட வேண்டும். நல்ல கோப்பை என்றால் ஓசை சற்று நேரம் நின்று அடங்கும். உள்ளே கீறல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஓசை உடனே செத்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்ட பிறகு, ரெனாத்தா சித்தியின் சமையலறை மேசையில் நீலப் புள்ளிக் கோப்பைகளை மூன்று வருடம் காகிதத்தில் சுற்றிச் சுற்றி நானே தெரிந்துகொண்டது.

பள்ளியில் கரும்பலகை முன் நிற்கச் சொன்னாலே சுண்ணக்கட்டியைப் போட்டுவிட்டு என் இடத்துக்கு ஓடிவிடுவேன். கோப்பைகள் கேள்வி கேட்பதில்லை. சித்தி இணையத்தில் விற்பாள். வாங்குகிறவர்கள் எல்லோரும் ஆற்றுக்கு அக்கரையில், ஜெர்மனியில். நான் பெட்டி கட்டுவேன். பக்கத்து வீட்டு காஜிக் மாமா செவ்வாயும் வெள்ளியும் தன் வேனில் பாலத்தைக் கடந்து, அந்த ஊர் அஞ்சலகத்தில் போட்டுவிட்டு வருவார்.

அந்தக் கோடையில் சித்திக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பிடிக்காததைத் திருப்பி அனுப்பிப் பழகியவர்கள் அந்த ஜெர்மன்காரர்கள். அதற்குத் தங்கள் நாட்டிலேயே ஒரு முகவரி வேண்டும் என்றார்கள். மேசையில் மூன்று தாள்கள் கிடந்தன. இப்போதுபோல வீட்டிலேயே கட்டுவது ஒன்று. கட்டியதை இக்கரையில் ஒரு நிறுவனத்திடம் மொத்தமாகக் கொடுத்து அனுப்பச் சொல்வது இன்னொன்று. சரக்கு முழுவதையும் அக்கரைக் கிடங்கு ஒன்றில் அடுக்கிவிட்டு, கட்டுவது, அனுப்புவது, திரும்பி வருவதை வாங்கிவைப்பது எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டுவிடுவது மூன்றாவது.

"நீ என்னடி சொல்ற?" என்று சித்தி கேட்டாள். அதுவரை என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை.

"கிடங்குல ஒவ்வொண்ணா தட்டிப் பாப்பாங்களா?"

"அதானே. உன்னை மாதிரி யாருக்கு வரும்?" தாள்களை அலமாரியில் வைத்து மூடினாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் என் பெயர்நாளுக்கு, என் பெயர் கொண்ட புனிதரின் திருநாளுக்கு, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று கொடுத்தாள். "மெத்தைக்கு அடியில என்னமோ எழுதி எழுதி ஒளிச்சு வெக்கிறியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? படிக்கலடி, பயப்படாத. இதுல எனக்காக எழுது. நீ பொட்டி கட்டற விதத்த, ஒண்ணு விடாம."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பதினெட்டுப் பக்கம் எழுதினேன், படம் போட்டு. காகிதத்துக்கு எத்தனை மடிப்பு, தேநீர்க் குடுவையின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கயிற்றின் முடிச்சு எங்கே விழ வேண்டும். பதினொன்றாம் பக்கம் முழுக்கத் தட்டிக் கேட்பது பற்றி. இன்னொருவர் படிப்பார் என்று தெரிந்தே நான் எழுதியது அதுதான் முதல் முறை. சித்தி படித்துவிட்டு என் நெற்றியில் முத்தமிட்டாள். "புத்தகம் மாதிரி இருக்குடி, லித்கா."

அக்டோபரில் ஒரு காலை ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினால் அலமாரிகள் காலி. வாசலில் நின்ற வேனுக்குள் அத்தனை கோப்பைகளும் இருந்தன.

"வழியனுப்ப வந்தியா மகாராணி?" என்றார் காஜிக் மாமா. "இதான் கடைசி சவாரி. இனி என் ஓட்டை வேனும் வேணாம், உன் கையும் வேணாம். எல்லாம் கிடங்குக்காரன் பாத்துக்குவான்." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அட, உங்கிட்ட சொல்லலியா?"

முன்னிருக்கையில் என் நோட்டு கிடந்தது. பக்கத்தில் அதையே ஜெர்மனில் அச்சடித்த தாள்கள். நடுவே என் படங்கள். நோட்டைப் புரட்டினேன். பதினொன்றாம் பக்கத்தில் மட்டும் சித்தியின் பேனா மூலைக்கு மூலை கோடு இழுத்திருந்தது.

"ஒவ்வொரு வேலைக்கும் தனியா காசு கேக்கறானாம்," என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு. "இது ஒண்ணு வேணாம்னுட்டா உன் சித்தி."

சித்தி கதவருகே வந்து நின்றாள். "கோச்சுக்காதடி. முன்னாடியே சொல்லியிருந்தா நீ எழுதியிருக்க மாட்ட."

ரொட்டியை மேசையில் வைத்தேன்.

அடுத்த வாரம் கிடங்கிலிருந்து ஒரு பெட்டி வந்தது. சோதனைக்காகச் சித்தி தன் பெயரிலேயே வாங்கியிருந்தாள். கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள். முடிச்சு நான் சொன்ன இடத்தில் விழுந்திருந்தது. மடிப்புகள் என்னுடையவை. பிரிக்கப் பிரிக்க, முன்பின் தெரியாத யாரோ என் கைகளை மாட்டிக்கொண்டு கட்டியதுபோல இருந்தது.

"பாத்தியா! அப்படியே நீ கட்டின மாதிரியே!"

கோப்பையைச் சுண்டுவிரலில் தொங்கவிட்டுத் தட்டினேன். ஓசை உடனே செத்தது.

"என்ன, நல்லாத்தானே இருக்கு?"

அடுப்பில் கெண்டி கூவியது. கோப்பையைக் கழுவி, தேயிலை போட்டு, கொதிக்கும் நீர் ஊற்றி, ஒரு எலுமிச்சைத் துண்டு மிதக்கவிட்டு அவள் முன் வைத்தேன். "என் கண்ணு" என்றாள். பிறகு கணினியை இழுத்துக்கொண்டாள். "அப்ப கிறிஸ்துமஸ் விற்பனைய இன்னிக்கே தொறந்துடறேன்."

அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். கோப்பையின் வெளிப்பக்கம், ஒரு நீலப் புள்ளிக்கு நடுவில், தேநீர் ஒரு பொட்டாகத் துளிர்த்து நின்றது.