ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்

அருள்பிரகாசம் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கல்மண்டபத்துக்குப் பின்னால் அவர் குடியிருந்த சந்தில் யார் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்றாலும், யார் வீட்டு பீரோவை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலையை முடித்துவிட்டு, ஒரு வாய் காபிக்குக்கூட நிற்காமல் போய்விடுவார். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற உத்தியோகம். பனைமர உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே யாரும் வந்து இன்னா வேணும் என்று விசாரிக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார். கடைசித் தூணோரம் நிற்பார், முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவார். செபம், நவநாள், சந்துக்காரர்கள் வீடு வீடாகக் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டம் எல்லாம் மனைவி பிலோமியின் இலாகா. அவள் கூப்பிட்டால், கை கால் நன்றாக இருக்கிறவன் சாமியை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்பார். சாமிக்கு உதவியாக இருக்கிறோம் என்றுகூட உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கலாம்.

சுனாமிக்கு முந்தின வருஷம், ஐப்பசி மழையில், வேலை முடிந்து கிரேனின் இரும்பு ஏணியில் இறங்கும்போது வழுக்கிவிட்டது. தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி விழுந்ததில் இரண்டு மணிக்கட்டும் உடைந்தன. முழங்கையிலிருந்து, விரல் நுனி மட்டும் தெரியும் அளவுக்கு இரண்டு கைக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பிரிக்கலாம், அதுவரை ஒரு டம்ளரைக்கூடத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர்.

பிலோமி எண்ணூர் பக்கம் ஓர் எறா உரிக்கிற கம்பெனியில் வேலை செய்தாள். காலையில் பஸ் பிடித்தால் சாயங்காலம்தான் திரும்புவாள். குழந்தைகள் இல்லை. கணவனைக் குளிப்பாட்டுவது யார் என்ற கேள்வி வந்தபோது, அமீர் தானாகவே வந்து நின்றார். ஹார்பரில் ஒரே கேங்கில் இருபது வருஷம் வேலை பார்த்த சிநேகிதர். அது ரம்ஜான் மாதம். விடியற்காலைத் தொழுகை முடித்து நேராக இங்கே வந்து, தண்ணீர் மொண்டு ஊற்றி, முதுகு தேய்த்து, முகம் வழித்துவிட்டு, நோன்போடு வேலைக்குப் போவார்.

முதல் நாள் அருள்பிரகாசம் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அமீருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா மாமு, புதுப் பொண்ணு மாதிரி நிக்கிற. திரும்பு" என்றார்.

சோறு ஊட்டுவது அதைவிடச் சங்கடமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று பிலோமி கேட்டால், பாதி வயிறாக இருந்தாலும் போதும் என்பார். அவளுக்குத் தெரியும். போதும் என்ற பிறகும் இரண்டு உருண்டை ஊட்டிவிட்டுத்தான் தட்டை எடுப்பாள்.

பகலெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் டிவியைப் போட்டுவிட்டுப் போனாள். பத்து மணிக்கு கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அந்தப் பழைய டிவியை யாராவது பொத்தானை அழுத்திப் போடவேண்டும். வெறும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அன்றைய பொழுது போனது. மறுநாள் காலையில் அவள் ஒரு முக்காலியை அவர் முன்னால் இழுத்துப்போட்டு, தன்னுடைய தடித்த பைபிளை அதன்மேல் விரித்து, ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் இரண்டு பக்கமும் துணி கிளிப்பை மாட்டினாள்.

"இத்தப் பட்ச்சிகினு இரு" என்றாள்.

"திருப்பறதுக்கு கை வேணுமே."

"அதான் ரெண்டு பக்கம் கீதே. அது போதும் ஒரு நாளைக்கு."

கோபமாகத்தான் வாசிக்க ஆரம்பித்தார். அவள் விரித்து வைத்திருந்தது, பாலைவனத்தில் மக்களுக்கு வானத்திலிருந்து உணவு விழுந்த கதை. சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருந்தார். ஆனால் ஒரே இரண்டு பக்கத்தை ஒரு முழுநாள் வாசிக்கும்போது, அன்று காதில் விழாததெல்லாம் விழுந்தது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குப் பொறுக்கினால் போதும், விடியும்வரை மிச்சம் வைக்காதே என்று சொல்லியிருந்தது. சிலர் கேட்கவில்லை, எடுத்து வைத்தார்கள் என்று போட்டு, அங்கே பக்கம் முடிந்துவிட்டது.

அவருக்கு அந்தச் சிலரை உடனே பிடித்துப்போனது. விவரமான ஆட்கள். தானும் எடுத்துத்தான் வைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். அவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் மத்தியானம் முழுக்கத் தவித்தார். நாக்கால் திருப்பிப் பார்த்தார். கிளிப் விடவில்லை. பிலோமி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அந்தத் தாளைத் திருப்பு என்றார். அடிபட்ட பிறகு அவராக வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

அவள் குனிந்து வாசித்துப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்குன்னு இன்னிக்கே எடுத்துக்காதன்னு தான போட்டுகீது? அப்போ நாளைக்குப் படி."

மறுநாள் அவள் கிளம்பிப் போனதும், சேர்த்து வைத்த உணவில் புழு வைத்து நாறிப்போனதை வாசித்து அருள்பிரகாசம் தனியாக உட்கார்ந்து சிரித்தார். அமீரிடம் சொன்னபோது, அது எங்கள் மூசா நபி கதைதான் என்றார் அவர். வானத்திலிருந்து இறங்கிய அந்த உணவை மன்னு சல்வா என்று பள்ளிவாசலில் ஹஸ்ரத் சொல்வாராம். அன்று சாயங்காலம் நோன்புக் கஞ்சி ஒரு தூக்கு நிறைய வந்தது. பிலோமி ஸ்பூனால் ஊட்ட ஊட்ட, போதும் என்று சொல்ல அவருக்கு மறந்துபோனது.

வாசிக்கிறது வேறு, கேட்கிறது வேறு. தனக்கு ஓர் உதவி வேண்டும் என்று கேட்க இன்னும் வாய் வரவில்லை. அதற்கு ஒரு நாள் வந்தது.

பிலோமி எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீரில் உறிஞ்சு குழல் போட்டு பெஞ்சில் வைத்துவிட்டுப் போவாள். அன்று அவர் குனியும்போது மாவுக்கட்டு இடித்து சொம்பு உருண்டது. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. காலையில் கருவாடு சாப்பிட்டிருந்தார். மழை விட்டு வெயில் அடித்த நாள். கொஞ்ச நேரத்தில் தொண்டை ஒட்டிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஹெப்சிபாவின் வீடு. திருவொற்றியூரிலிருந்து சமீபத்தில் கல்யாணமாகி வந்த பெண். பாத்திரம் கழுவுகிற சத்தம் தெளிவாகக் கேட்கிறது. ஒரு குரல் கொடுத்தால் போதும். அவரால் முடியவில்லை. அந்த வீட்டுக் குழாயைப் பொருத்திக் கொடுத்ததே அவர்தான். அந்தக் குழாயிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க நாக்கு எழவில்லை.

தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த தரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முக்காலியில் இரண்டு பக்கம் விரிந்திருந்தது. யாரும் பக்கத்தில் இல்லை என்பதாலோ என்னவோ, அவர் மெதுவாக வாயைத் திறந்தார்.

"சாமி, தண்ணி வேணும்."

அவ்வளவுதான் செபம். கதவு தானாகத் திறக்கவில்லை, சொம்பு நிமிரவில்லை. ஆனால் அந்த மூன்று வார்த்தை வெளியே வந்ததும், நெஞ்சில் ஏதோ ஒரு தாழ்ப்பாள் கழன்ற மாதிரி இருந்தது. சாமியிடமே கேட்டாகிவிட்டது, இனி யாரிடம் கேட்டால் என்ன? தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹெப்சிபா என்று கூப்பிட்டார். இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டார்.

அவள் சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தாள். தண்ணீர் கொண்டுவந்து, தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். முழுசாகக் குடித்து முடித்த பிறகு பார்த்தால் அவள் கண் கலங்கியிருந்தது.

"செவுத்துக்கு அந்தாண்ட தாண்ணே கீறேன். இத்தினி நாளா ஒரு தபா கூட கூப்டல. ஒரு தம்ளர் தண்ணி குடுக்கக்கூட நான் லாயக்கில்லியா?"

புது இடத்துக்கு வந்து, புருஷன் வேலைக்குப் போனபின் பேச ஆளில்லாமல், யாருக்கும் தான் தேவைப்படவில்லையே என்று அவள் தினமும் அழுதுகொண்டிருந்தாள் என்பது அவள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. தான் கேட்காமல் இருந்தது மரியாதை என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அடுத்தவருக்கு அது சாத்தின கதவாகத் தெரியும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அன்றிலிருந்து ஹெப்சிபா முற்பகலில் வந்து உட்கார ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய சபையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக் கொடுத்தவள். இரண்டு பக்கத்தையும் சத்தமாக வாசித்துவிட்டு, இன்றைக்கு இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பாள். அருள்பிரகாசம் சண்டை போடுவார். அந்த மக்கள் ஏன் எப்போதும் முணுமுணுக்கிறார்கள் என்பார். நீங்கள் மட்டும் என்னவாம் என்பாள். பிறகு அன்றைக்கு வேண்டியதைக் கேட்டு ஒரு சின்ன ஜெபம். மழை வராமல் துணி காயவேண்டும், பிலோமிக்கு பஸ்ஸில் இடம் கிடைக்கவேண்டும், முதுகில் அரிப்பு எடுக்காமல் இருக்கவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்றாவதைச் சொல்லும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து ஜெபம் பாதியில் நின்றுபோகும்.

டிசம்பர் முதல் வாரம் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. வழக்கமாக அவர் தேநீர் வாங்கி வருகிற சாக்கில் நழுவிவிடுவார். இந்தமுறை தேநீர் வாங்கக் கையில்லை. பாட்டு முடிந்து ஒவ்வொருவராகச் சொந்த வார்த்தையில் செபித்துக்கொண்டு வந்தார்கள். அவர் முறை வந்ததும், பிலோமி அவரைக் காப்பாற்றுவதற்காகத் தானே ஆரம்பிக்கப் பார்த்தாள். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"ஆண்டவரே, காலைல அமீர் குளிப்பாட்டிவுட்டான். பிலோமி ஊட்டுச்சு. ஹெப்சிபா படிச்சிக் காட்டுச்சு. இன்னிக்கு ஒண்ணும் கொறை இல்ல. நாளைக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியல. நாளைக்கு வந்து கேக்கறேன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்ல மறந்துபோனார்கள். பிறகு மூலையிலிருந்த கெங்கம்மா மெல்லச் சிரித்தாள். என்ன கூட்டம் என்று வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரி அவள். அவளைத் தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். பிலோமி மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சொன்னபடி கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வேறு யாருடைய கைகளோ போல இரண்டு வெளுத்த, மெலிந்த கைகள் வந்தன. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, ஆசை தீர, ஒரு மூச்சில் அம்பது பக்கம் வாசித்தார். சாயங்காலம் ஹெப்சிபா வந்து இன்றைக்கு என்ன இருந்தது என்று கேட்டபோது, ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. மறுநாளிலிருந்து அவரே எழுந்து இரண்டு கிளிப்பையும் மாட்டினார்.

விரல்கள் முழுசாக மடங்கவில்லை. கிரேன் நெம்புகோலைப் பிடிக்கிற பலம் இனி வருவது சந்தேகம் என்றார் டாக்டர். மறுநாள் காலையில் முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்கு என் கிரேன் வேண்டும் என்று சாமியிடம் கேட்டார். மனசில் இருந்ததை மறைக்கவில்லை. கேட்டு முடித்து அழுதார். பிறகு, சரி, இன்றைக்கு எழுந்து நடக்கத் தெம்பு கொடு என்று கேட்டார். அது கிடைத்தது. அதற்கடுத்த நாளும் கிரேனைக் கேட்டார், நடக்கத் தெம்பையும் கேட்டார். அப்படியே பொங்கல் வந்து போனது.

ஹார்பரில் அவருக்குத் தரையில் வேலை கொடுத்தார்கள். கப்பலோரம் நின்று, மேலே கிரேனில் இருப்பவனுக்குச் சரக்கைத் தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையால் சைகை காட்டுகிற வேலை. மேலே அவருடைய கூண்டில் குமாரவேல் உட்கார்ந்திருந்தான். முதல் நாள் காலையில், விரல் சரியாக விரியாது, முழுக் கையாலும் காட்டுகிறேன், பார்த்து ஓட்டு என்று அவனிடம் சொல்லிவைத்தார். அவன் தலையாட்டிவிட்டு ஏறினான். வேலை நன்றாகவே ஓடியது. தரையில் எவ்வளவு சத்தம், எத்தனை முகங்கள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு காலமும் இவர்களையெல்லாம் உச்சந்தலையாகத்தான் பார்த்திருக்கிறார்.

மத்தியானம்தான் தெரிந்தது, புது வேலைக்குப் போகிற படபடப்பில் டிபன் பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது. ஷெட் நிழலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவர் நேராகப் போய் நடுவில் உட்கார்ந்தார்.

"சோத்த மறந்துட்டேன்பா. எனக்கு இன்னா தர்றீங்க?"

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வியை அவர்கள் கேட்டதே இல்லை. பிறகு டிபன் பாக்ஸ் மூடி ஒன்று சுற்றி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமலை தன்னுடைய புளிசோற்றை வைத்தார். அமீர் இரண்டு சப்பாத்தியும் கைமாவும் வைத்தார். குமாரவேல் கருவாட்டுக் குழம்பைக் கவிழ்த்தான். மூடி கொள்ளவில்லை. மிச்சத்தை வைக்க இன்னொரு மூடி வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, பிலோமி அந்த டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்றிருந்தாள். வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாளாம். பட்டினி கிடந்திருப்பான் மனுஷன் என்று அப்போதிலிருந்து உட்காரவே இல்லை.

"துன்னியா இல்லியா?"

"துன்னேன். கேட்டேன், குடுத்தாங்கோ."

"நீ கேட்டியா?"

அவர் புளிசோற்றிலிருந்து கைமாவரை ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹெப்சிபா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, எது நன்றாக இருந்தது என்று பிலோமி கேட்டாள்.

அருள்பிரகாசம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கருவாட்டுக் கொழம்பு. குமாரவேலு பொண்டாட்டி கைல இன்னாவோ கீது."

பிலோமி தன் தோளில் கிடந்த துண்டை உருவி அவர்மேல் எறிந்தாள். அவர் அதைப் பிடித்துவிட்டார்.