கிரேக்கத்தில் ஒரு வயது

லிஃப்ட் மெக்கானிக்குத் தாய்மொழியில் நாற்பத்திரண்டு வயதும் கிரேக்கத்தில் ஒரு வயதும் ஒரே வாரத்தில் நிறைந்தன. தாய்மொழியில் அவருக்குக் கரகரத்த குரல். லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு மேல் மாடியில் இருப்பவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உரமேறிய தொண்டை. அதே தொண்டையிலிருந்து கிரேக்கம் மட்டும் பால்குடி மறக்காத பிள்ளையின் குரலில் வந்தது. காலை வணக்கத்துக்கு 'கலிமேரா' என்று சொல்லப் போனால் 'மேரா' என்றுதான் விழும், கூடவே கொஞ்சம் ஜொள்ளும். ஏதோ கோளாறு என்று பயந்து காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தொண்ட நல்லாத்தான் இருக்கு. நீங்க பேசுற பாஷைக்குத்தான் இன்னும் வயசு பத்தல. வேளாவேளைக்குப் பாடம் குடுங்க, தானா வளரும்" என்றார். குழந்தை டாக்டரிடம் அனுப்பவில்லையே என்ற நிம்மதியோடு மெக்கானிக் வேலைக்குப் போனார்.

அவர் படிக்க நினைத்தது கிரேக்கமே இல்லை, ஜெர்மன். புது லிஃப்டுகளோடு வந்த கையேடுகள் அந்த மொழியில் இருந்தன. பழைய புத்தகக் கடையில் மேலட்டை போன பாடப்புத்தகம் ஒன்றையும் நூல் போட்டுக் கட்டிய கேசட்டுகளையும் வாங்கி வந்தார். கையேட்டில் உள்ள எழுத்து ஒரு மாதிரியும் புத்தகத்தில் உள்ள எழுத்து வேறு மாதிரியும் இருந்ததை அச்சுக் கோளாறு என்று எண்ணிக்கொண்டார். உண்மை தெரிந்தபோது மூன்று பாடம் முடிந்திருந்தது. எடுத்த காரியத்தைப் பாதியில் விடுவதோ வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதோ அவருக்கு ஆகாது. "வாங்கியாச்சுன்னு காலாவதியான மாத்திரையக்கூட முழுங்குற ஆளு" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். மருந்துக்கடையில் வேலை பார்த்தவள் என்பதால் அவளுக்கு உவமை எல்லாம் மருந்து அலமாரியிலிருந்துதான் வரும்.

கிண்டல் நின்றது முதல் மழலை கேட்ட காலையில். அடுப்பில் பால், மேஜையில் புருஷன், அவர் வாயில் குழந்தை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தும் அவள் நகரவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் பின்பக்க அறைக்கு இளமஞ்சள் சுண்ணாம்பு அடித்து வைத்தார்கள். சில வருஷம் அது காலியாகக் கிடந்தது, பிறகு அதில் உடைந்த நாற்காலிகள் குடியேறின. அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று இருவரும் பேசி முடிவு செய்யவில்லை, அதுவாகவே நின்றுபோனது. அன்று முதல் அவள் கடையில் காலை வேலையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டாள். கேட்டவர்களிடம் முட்டிவலி என்றாள். பாடம் தொடங்கும் நேரத்துக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்காருவாள், கையில் வெங்காயமோ கீரையோ ஏதாவது இருக்கும். மனசு நிறைந்துபோயிருந்தது, அதை முகத்தில் காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் பொருத்தப் போன மெக்கானிக் ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் சளி கட்டி, மெலிந்து, இழுத்து இழுத்து வந்தது. அவள் வாழ்நாளில் அவரை அப்படித் திட்டியதில்லை. "பச்சப் புள்ளய பட்டினி போட்டுட்டு அப்படி என்னங்க லிஃப்ட் வேண்டிக்கிடக்கு?" கேசட்டை அவளே மெஷினில் போட்டு ஓட விட்டாள். சாயங்காலத்துக்குள் குரல் தேறியது. அதன்பின் காய்ச்சல், கல்யாணம், வேலைநிறுத்தம் எதுவும் காலைப் பாடத்தை நிறுத்தியதில்லை.

நாலாம் வருஷத்தில், உதடு அசைந்தபின்தான் என்ன சொல்கிறோம் என்று தனக்கே தெரிவதாக மெக்கானிக் சொன்னார். அதாவது பாடத்தில் இல்லாததையும் பையன் பேச ஆரம்பித்துவிட்டான். அவளைப் பார்த்து நேராகப் பேசுவான், அவளும் தன் மொழியில் பதில் சொல்வாள். ஒருவருக்கு மற்றவர் பேச்சு ஒரு எழுத்தும் விளங்காது. நடுவில் மொழிபெயர்க்க இருந்தவரோ சிக்கனக்காரர். பையன் மூச்சு விடாமல் கைகாலை ஆட்டி அரைமணி பேசுவான், கடைசியில் மெக்கானிக் தன் கரகரத்த குரலுக்குத் திரும்பி "பசிக்குதாம்" என்பார். "இவ்வளவு நேரமும் அதையேவா சொன்னான்?" என்று அவள் கேட்டால், "ரொம்பப் பசியாம்" என்பார். நீயே படியேன் என்று அவர் பலமுறை சொல்லியும் அவள் மசியவில்லை. வீட்டில் ஒருத்தர் வாய் குழறினால் போதும் என்பது அவள் வாதம். கேசட்டில் பாடம் சொல்லும் பெண்மேல் அவளுக்கு இருந்த கடுப்பும் ஒரு காரணம். பையனுடைய இழுப்பும் நிறுத்தமும் அந்தப் பெண்ணை அப்படியே உரித்து வைத்திருந்தன.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஒருநாள் வந்து, இந்த வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்கிறது, ஏன் சேர்க்கவில்லை என்று விசாரித்தார். அவன் வீட்டிலேயே படிக்கிறான் என்று அவள் சொன்னாள். தலைமையாசிரியை காபி குடித்துவிட்டு, உயரம் எவ்வளவு இருப்பான் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார். பதினான்காம் வருஷம் குரல் உடைந்தது. ஒரே வாக்கியம் கீச்சென்று தொடங்கி அடித்தொண்டையில் முடிந்தது. அந்த வருஷம் பையனுக்கு எதற்கெடுத்தாலும் கோபம். மெக்கானிக் கிரேக்கத்தில் புத்தகத்தைத் தூக்கி எறிவார், தாய்மொழியில் குனிந்து எடுப்பார். பின்பக்க அறையில் உடைந்த நாற்காலிகளை அவள் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டு ஒரு கட்டில் வாங்கிப் போட்டாள். யாருக்கு என்று மெக்கானிக் கேட்கவில்லை.

பதினெட்டு நிறைந்த வருஷம் பையன் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசினான். மாதக்கணக்காக மெக்கானிக் அதை, பல்வலியாம், தூக்கம் வரவில்லையாம், நாளைக்குச் சீக்கிரம் எழுப்பச் சொல்கிறான் என்றெல்லாம் மொழிபெயர்த்தார். ஒருநாள் காலை பையன் அந்தப் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, அவளை நேராகப் பார்த்து, நிதானமாக ஒன்று கேட்டான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான்.

"என்னங்க கேக்குறான்?"

மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தார். "மழ வருமான்னு கேக்குறான்."

அவளும் ஜன்னலைப் பார்த்தாள். மேகம் கருத்துத்தான் இருந்தது. அவனுக்குப் புரியவேண்டுமே என்று தலையைப் பலமாக ஆட்டி, வாய் நிறையச் சிரித்து, "வரும், வரும்" என்றாள். பையன் 'எஃப்ஹரிஸ்தோ' என்று நன்றி சொன்னான். அந்த ஒரு சொல்லை அவள் ஏற்கெனவே பழகியிருந்தாள். அன்று மழை பெய்யவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் வளைந்த கம்பித் துண்டுகளாகத் தெரிந்தன. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பின்பக்க அறையில் கட்டில்மேல் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பழுப்புப் பெட்டியும் மெக்கானிக்கின் நல்ல கோட்டும் இல்லை. குளியலறையில் ஒரு துண்டு ஈரமாகத் தொங்கியது. அவள் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானே என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அவன்தான். தெளிவான வாலிபக் குரல், பின்னால் எங்கோ கப்பல் சங்கு. அவள் ரிசீவரை மெக்கானிக்கிடம் நீட்டினாள். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவரிடம் இருந்த கிரேக்கம் முழுவதையும் பையன் எடுத்துக்கொண்டு போயிருந்தான், அது அவனுடையதுதானே. இருவரும் மாறி மாறி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் விளங்காத அந்தப் பேச்சை முடியும்வரை கேட்டார்கள். வைத்தபிறகு மெக்கானிக் உண்மையைச் சொன்னார்.

"சொல்லிட்டுத்தான் போனான். போகட்டுமான்னு உன்கிட்டதான் கேட்டான். நீ அழுவேன்னு நான் மழைன்னு சொன்னேன். நீ தலையாட்டிட்ட."

ஒரு குளிர்காலம் முழுக்க அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை இஸ்திரியாகி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஞாயிறுதோறும் போன் வந்தது. மெக்கானிக் பாவம், மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்துப் பார்த்தார். ஒன்றும் தங்கவில்லை. பிள்ளை பெற்றவர்கள் பலருக்கும் வயதான காலத்தில் நேர்வது போல, அவருக்கும் அந்தக் காலம் முடிந்துபோயிருந்தது.

குளிர் விட்ட ஒரு காலையில் அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அவர் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கேசட்டைப் போட்டாள். அந்தப் பெண்ணின் குரலுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு காது கொடுத்தாள். அறுபதை நெருங்கும் வாயிலிருந்து 'மேரா' என்று ஒரு பச்சிளங்குழந்தை சொன்னது. இந்த முறை பெண் குழந்தை. "இனிமே உங்க மொழிபெயர்ப்பு எனக்கு வேணாம்" என்றாள் புருஷனிடம். அந்த வருஷத்தில் அவள் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது. மெக்கானிக் எழுந்து போய்ப் பாலை இறக்கினார்.

நான் தலையாட்டியது மழைக்கு, நீ போவதற்கு இல்லை என்று அவனிடம் சொல்லவேண்டும். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான். அப்படிப் பேச ஐந்தாறு வயதாவது ஆகவேண்டும் என்று மெக்கானிக் தன் அனுபவத்தில் கணக்குச் சொன்னார். அவள் தினமும் உட்கார்ந்தாள். முதல் வருஷம் போனில் அவளால் மழலைதான் பேச முடிந்தது. அந்தப் பக்கம் பையன் முதலில் சிரித்தான். பிறகு பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்திப் பேசக் கற்றுக்கொண்டான். அக்கம்பக்கத்தார் மறுபடியும் குழந்தைச் சத்தம் கேட்டு, குட்டி சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு வயது ஆனபோது வானிலைப் பாடம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ரிசீவரை எடுத்ததும் அவள் 'வ்ரோஹி' என்றாள். மழை. திரும்பவும் அதையே சொன்னாள், கொஞ்சம் அழுகையோடு, இரண்டு வயதுப் பிள்ளை ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லப் பார்ப்பது போல. அப்புறம் பையன் நீளமாகப் பேசினான். அதில் அவளுக்கு விளங்கியது ஒரே சொல், முதல் பாடங்களிலேயே வருவது. 'எர்ஹோமே'. வருகிறேன்.

அவள் போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மெக்கானிக் வாசலோரமே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொல்றான்?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே சுள்ளென்று வெயில்.

"மழ வருமான்னு கேக்குறான்" என்றாள்.

மெக்கானிக் அவள் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு வெளியே போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எல்லாம் எடுத்து வந்து, பின்பக்க அறைக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினார்.