மேசைப் பக்கம்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் அந்தச் சலவைக் கூடத்தில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். உண்மையில் அந்த முறை ஒருத்திக்கு மட்டுமே உண்டு: கணவனின் தங்கைக்கு. புருஷனை விட்டுப் பிரிந்து வந்த நாத்தனாரை வீட்டில் வைத்துக்கொண்டதும், கையோடு அழைத்துவந்து இங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு மற்றவர்கள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது.

ஐம்பத்து மூன்று வயதில் அண்ணிக்கு ஒரே ஆசை, ஓய்வு பெறுவதற்குள் சூப்பர்வைசர் ஆகிவிட வேண்டும். பழைய சூப்பர்வைசர் விலகியதும், அடுத்தது அண்ணிதான் என்று கூடமே பேசிக்கொண்டது.

விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து வரும் துணியை ஒருத்தி கையை உயர்த்திப் பிடித்து இழுக்க வேண்டும். இன்னொருத்தி மேசையோரம் நின்று மறுமுனையைச் சேர்த்து மடிப்பாள். உருளைப் பக்கம் தோள்பட்டையைப் பதம் பார்த்துவிடும். அங்கே எப்போதும் அண்ணிதான் நிற்பாள். போன மழைக்காலத்தில் தோள் வலிக்கிறது என்று வீட்டில் வாய்தவறிச் சொன்னதும், அவளோடு ஜோடியாக மடிக்கும் நாத்தனார் மறுநாள் கூடத்தில் விடவில்லை.

"தள்ளுங்க அண்ணி. பொண்டாட்டிய இழுக்க விட்டுட்டு வேடிக்கை பாத்தியான்னு அண்ணன் என்னை உதைப்பாரு."

"உங்க அண்ணனா? சோத்துத் தட்டைத் தவிர வேற எதையும் தூக்காத மனுஷன்."

சிரித்துக்கொண்டே அண்ணி மேசைப் பக்கம் போனாள். அத்தோடு அதுவே பழக்கமாகிவிட்டது.

புது மேனேஜருக்கு அவள் மகன் வயதுதான். மாடியில் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். அந்த மரியாதையைப் பார்த்ததும் அவள் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்தாள்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. சூப்பர்வைசர்னா நாள் பூரா ஓடணும். இந்த வயசுல எதுக்கு உங்களுக்கு இந்தத் தலைவலி?"

"என்னால ஓட முடியாதுன்னு யார் சார் சொன்னா?"

"உருளைப் பக்கமே நீங்க நிக்கிறதில்லையாமே? உங்க பங்கையும் சேத்து உங்க நாத்தனார்தான் இழுக்கிறாங்களாம். அவங்க குறையா சொல்லலம்மா, அக்கறையிலதான் சொன்னாங்க. அவங்களையே போடலாம்னு முடிவு பண்ணிட்டோம். குடும்பத்துக்குள்ளதானே இருக்கு, சந்தோஷப்படுங்க."

"தோளு எப்பவோ சரியாயிடுச்சு சார். இப்பவே வந்து பாருங்க, சாயங்காலம் வரைக்கும் உருளைப் பக்கம் நிக்கிறேன்."

"இன்னைக்கு நிப்பீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு?"

இன்னும் வராத நாளுக்கு அவள் எங்கே போய்ச் சாட்சி தேடுவாள்?

படியிறங்கும்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தவறு தன்மேல்தானோ? தானாக அவள் இடம் மாற்றிக் கேட்டதில்லை. வலி நின்றதை நாத்தனாரிடம் சொன்னாளா? சொன்னாள். சாப்பாடு பரிமாறிக்கொண்டே, முகத்தைப் பார்த்தே சொன்னாள். "அப்படியே இருங்க அண்ணி, எனக்கு இது பழகிடுச்சு" என்று பதிலும் வந்தது.

கீழே நாத்தனார் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "கோவமா அண்ணி? அவரு கேட்டாரு, உள்ளதச் சொன்னேன்."

"தோளு சரியானதையும் சொன்னியா?"

பிடி தளர்ந்தது. நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குப் புருஷன் இருக்காரு, புள்ள சம்பாதிக்கிறான். நீங்க ஏறி உக்காந்து எறங்குறதுக்குள்ள எனக்கும் வயசாயிடும். அப்ப இதே ஆளு எங்கிட்டயும் இதையேதான் சொல்லுவாரு."

அண்ணி கையை விடுவித்துக்கொண்டாள். நாத்தனார் சொன்னது பொய்யில்லை என்பதுதான் இன்னும் வலித்தது.

மற்றவர்கள் அருகில் வரவும் நாத்தனார் குரல் மாறியது. "அண்ணி, நாளையிலேருந்து நீங்க தையல் ரூமுக்குப் போயிடுங்க. உக்காந்துக்கிட்டே கிழிசல் தைக்கலாம்."

"அண்ணிக்கு இனி ராஜபோகம்தான்!" என்றாள் துவைக்கும் இயந்திரத்தைக் கவனிப்பவள்.

"சரிங்க மேடம்" என்றாள் அண்ணி.

கூடம் சிரித்தது. நாத்தனாரும் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்தினாள்.

"என்ன அண்ணி இது... வீட்லயும் இப்படித்தான் கூப்பிடுவீங்களா?"

"வீட்டுல பேசினாத்தானே" என்று சொல்லிவிட்டு, அண்ணி தையல் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நாளைவரை அவள் காத்திருக்கவில்லை.