மேஸ்திரியின் தட்டு

தையல் கூடத்தில் மின்விசிறி சுற்றியதே தவிர, காற்று வரவில்லை. பட்டன் அக்கா ஜன்னலோரம் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து கோட்டுகளுக்குக் கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது, காலடியில் கிடந்த துண்டுத்துணிக் குவியல் லேசாக அசைந்தது.

"மேஸ்திரி முழிச்சிட்டாரு. எல்லாரும் ஒழுங்கா வேலை பாருங்கடி," என்றாள் பக்கத்தில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள்.

மேஸ்திரி ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை. வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொருத்தி பக்கத்திலும் நின்று ஒரு முறைப்பு முறைத்துவிட்டுப் போவதால் பெண்கள் வைத்த பெயர் அது. துணி மூட்டைகளை எலி அண்டாமல் காத்ததும் அவன்தான். இப்போது கொஞ்ச நாளாக அந்த நடை இல்லை. வாயோரம் எச்சில் ஒழுகியது. ஈறெல்லாம் ரத்தச் சிவப்பு. காதில் கடிபட்ட புண் ஆறுவதாகவே இல்லை. தட்டில் வைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விடுமுறை நாளில் அக்கா அவனைத் துணிப்பையில் போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தாள்.

"இது பூனைக்கு வர்ற ஒரு வைரஸ்மா. நோயை எதிர்த்து நிக்கிற சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும். அதான் சின்னப் புண்ணுகூட ஆற மாட்டேங்குது."

"எப்படிம்மா வந்துச்சு?"

"சண்டையில இன்னொரு பூனை ஆழமாக் கடிச்சிருக்கும். எச்சில் வழியா ரத்தத்துல கலந்துடும்."

"எங்களுக்கு ஒட்டிக்குமா?"

"ஒட்டவே ஒட்டாது. மனுசங்களுக்கு இதே மாதிரி வேற ஒண்ணு இருக்கு. அது வேற, இது வேற. மருந்து தரேன், வாய்ப்புண்ணு அடங்கும். முழுசாக் குணமாகாது. ஆனா நல்லா வச்சுக்கிட்டா வருசக்கணக்கா இருப்பான். வெளிய மட்டும் விட்டுடாதீங்க. சண்டை, குளிர், பட்டினி எதையும் தாங்க மாட்டான்."

அக்காவின் வாடகை வீட்டில் பூனைக்கு இடமில்லை. இடுப்பொடிந்து படுத்திருக்கும் கணவனுக்கே அங்கே புரண்டு படுக்க இடமில்லை. அந்த வீட்டு அடுப்பு எரிவதும் அவள் கை ஓடும்வரைதான். மேஸ்திரிக்குத் தையல் கூடத்தை விட்டால் வேறு கூரை கிடையாது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஓவர்லாக்காரி கேட்டாள். "என்னக்கா, கையெல்லாம் கீறல்?"

"மருந்து குடிக்க மாட்டேன்னு அடம். இவனுக்கு நாமதான் மேஸ்திரியா இருக்கணும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் அக்கா டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். கடிச்சா வருமாம், எச்சில்ல இருக்குமாம். "மனுசங்களுக்கு வருமே எய்ட்ஸ், அது மாதிரியாம். ஆனா நமக்கு வரவே வராதாம்."

அந்த "ஆனா"வுக்குப் பிறகு சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

தண்ணீர் டிரம்முக்கு மேலே பலகையில் எல்லோருடைய டம்ளர்களும் கவிழ்த்திருக்கும். அடையாளத்துக்கு விளிம்புக்கடியில் ஆளுக்கொரு நிற நூல். அக்காவுடையது நீலம். தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தாள். மற்ற நிறங்களெல்லாம் ஒரு கோடிக்கு நகர்ந்திருந்தன. நீலம் தனியாக இருந்தது.

சாயங்காலம் சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, கோட்டு வாங்குற கம்பெனிக்காரங்க காதுல விழுந்தா ஒண்ணையும் தொட மாட்டாங்க. முதலாளி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு. பூனையை இன்னைக்கே எங்கயாவது விட்டுடுங்க. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாங்க."

"வெளிய விட்டா செத்துப்போயிடுவான் தம்பி. நமக்கு ஒட்டாதுன்னு டாக்டரம்மாவே..."

"டாக்டரம்மாவா உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?"

அக்கா துணிப்பையை எடுத்து மேஸ்திரியை அதற்குள் விட்டாள்.

மீன் சந்தையில் கடை கட்டிக்கொண்டிருந்தார்கள். காலி ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் அவள் பையைக் கீழே வைத்தாள். மேஸ்திரி தலையை மட்டும் நீட்டி அந்த இடத்தை மேற்பார்வை பார்த்தான், இறங்க மனமில்லை. பையைக் கவிழ்க்க வேண்டியதாயிற்று. அவள் நடந்தாள். திரும்பினால் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.

"என் பின்னால வராதடா. போ, போய் உன் வேலையைப் பாரு."

நின்றுவிட்டான். மதில் மேல் இரண்டு கடுவன்கள் எழுந்து உட்கார்ந்து அவனையே பார்த்தன. அவள் அதற்குப் பிறகு திரும்பவில்லை.

காலையில் சூப்பர்வைசர் கேட்டிலேயே நின்றிருந்தான்.

"வேற ஆளு வச்சிட்டாங்கக்கா."

"நீங்க சொன்னபடி கொண்டுபோய் விட்டுட்டேனே தம்பி."

"தெரியும். ஆனா நீங்க நூலைப் பல்லால கடிச்சுத்தானே அறுக்குறீங்க. அந்தப் பூனை வேற உங்களைக் கீறியிருக்கு. எல்லாரும் பயப்படுறாங்க. கொஞ்ச நாள் போகட்டும், நானே கூப்பிடுறேன்."

அவன் தோளுக்கு மேலாக ஜன்னல் தெரிந்தது. அவளுடைய ஸ்டூலில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்து கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டுவிட்டுக் குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பக்கத்தில் ஓவர்லாக்காரி நிமிரவே இல்லை.

அக்கா திரும்பினாள். மதிலோரக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் மேஸ்திரியின் தட்டு கிடந்தது. அதன்மேல் நீல நூல் கட்டிய டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.