சோறு மாதிரி ஒன்று

1

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடிதமானாலும் கதையானாலும் அதுதான் முறை என்று எங்கள் சின்ன ஊர்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், இன்றுவரை மாற்றவில்லை.

ஜன்னலுக்கு முதுகு காட்டி, அகலமான நாற்காலியில், என் தங்கையின் கணவர். அவருக்கு வலப்பக்கம், அவரோடு வேலை பார்க்கும் ஒல்லி ஆள். எல்லோரும் அவனை ஒட்டடை என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே நான். அடுப்புக்குப் பக்கத்து ஸ்டூலில், உட்கார்ந்தும் உட்காராமலும், என் தங்கை. ஞாயிற்றுக்கிழமை மதியம். மேசையில் இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் சோறு. இன்னொன்றில் சோறு மாதிரி ஒன்று.

இந்தக் கதை அந்த இரண்டாவது பாத்திரத்திலிருந்து பிறந்தது. நானாக எழுத உட்காரவில்லை; தங்கை கேட்டுக்கொண்டாள். எதற்கு என்பது மூன்றாம் பகுதியில்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"நூறு கிலோவைத் தாண்டினால் கயிறு அறுந்துவிடாது, ஆனால்" [நிறுத்திவிட்டேன். பயமுறுத்துகிறது.]

"கொன்ஜாக் என்பது நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவு. அதன் மாவிலிருந்து" [மருந்துக்கடைத் துண்டுச்சீட்டு மாதிரி இருக்கிறது.]

"ஒரு ஊரில் ஒரு குண்டு மனிதர்" [மாப்பிள்ளை படித்தால் வருத்தப்படுவார். படிக்கப்போவதே அவர்தான்.]

நேராகவே சொல்கிறேன். மாப்பிள்ளையும் ஒட்டடையும் உயரமான கட்டிடங்களின் கண்ணாடியை வெளியே கயிற்றில் தொங்கியபடி துடைப்பவர்கள். ஆளும் வாளியும் சேர்த்து நூறு கிலோவுக்குள் இருந்தால்தான் இடுப்புப் பட்டை கட்டலாம் என்பது கம்பெனி விதி. மாப்பிள்ளை தாண்டிவிட்டார். இந்த மாதக் கடைசியில் எல்லோரையும் எடை பார்க்கிறார்கள்; அதுவரை மேலேதான். தேறாதவருக்குத் தரையில் வேலை: கூம்புகளை வரிசையாக வைத்து, கீழே யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்வது.

"இத்தனை வருஷம் மேகத்துக்குப் பக்கத்துல இருந்துட்டு, இனிமே பிளாஸ்டிக் கூம்புக்குக் காவலா மச்சான்?" என்றார் ஒருமுறை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதனால்தான் தங்கை அந்தக் கொன்ஜாக் பாக்கெட்டுகளை வாங்கத் தொடங்கினாள். வெட்டியதும் மீன் கழுவிய தண்ணீர் வாடை. நன்றாக அலசி வெறும் வாணலியில் புரட்டினால்* கீச் கீச் என்று கத்தும். அரிசி வடிவிலும் வரும், நூடுல்ஸ் வடிவிலும் வரும். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

(*எண்ணெய் விடக் கூடாது. ஈரம் போனபிறகுதான் பூண்டு, மிளகு. தங்கை இதைச் சேர்க்கச் சொன்னாள்.)

அன்று மேசையில் நடந்தது:

"என்னடி இது, மென்னா மென்னுக்கிட்டே இருக்கு? வாய்க்கும் பல்லுக்கும் பஞ்சாயத்து முடியவே மாட்டேங்குது."

"பேசாம சாப்பிடுங்க. பாக்க அரிசி மாதிரிதான இருக்கு?"

"பாக்க இருந்தா போதுமா? ஒட்டடைகூடத்தான் பாக்க மனுஷன் மாதிரி இருக்கான்."

ஒட்டடை நிஜச் சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை. "அண்ணே, நான் குண்டான் குண்டானா சோறு தின்னும் இப்படி. நீங்க ரப்பர் தின்னும் அப்படி. படைச்சவன் தராசுலதான் கோளாறு."

"அப்படியா? இதப் பாரு." மாப்பிள்ளை எழுந்து பேன்ட்டின் இடுப்புக்குள் நாலு விரலை விட்டுக் காட்டினார். "தெரியுதா மச்சான்? எல்லாம் உங்க தங்கச்சி சமையல். எடை பாக்குற அன்னைக்கு முதல் ஆளா நான்தான் ஏறுவேன்."

தங்கை தண்ணீர் எடுக்க எழுந்தாள். மேசையில் தண்ணீர் இருந்தது.

3

தங்கைக்குத் துணி திருத்தும் கடையில் வேலை. நீளத்தைக் குறைப்பாள், பிடிப்பதைத் தளர்த்துவாள். நான் தட்டு கழுவப் போனபோது குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசினாள்.

"அண்ணே, அவர் இளைக்கல. நான்தான் பேன்ட்டைப் பிரிச்சு விட்டேன்."

முதல் சில வாரம் நிஜமாகவே இறங்கியதாம். பிறகு நின்றுவிட்டது. தட்டைப் பார்க்கும்போதே அவர் முகம் வாடியது. ஒரு நாள், துவைத்த பேன்ட்டின் இடுப்பில் மடித்துத் தைத்திருந்ததைத் துளி பிரித்து விட்டிருக்கிறாள். மறுநாள் காலை அவர் கண்ணாடி முன்னால் நின்று விசிலடித்தார்.

"அந்த விசிலுக்காகத்தாண்ணே. அப்புறம் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா..."

"வீட்ல எடை பாக்கவே இல்லையா?"

"ஏற மாட்டேங்கிறாரு. கறிக்கடைல ஆட்டைத் தூக்கி வக்கிற மாதிரி இருக்காம்."

"அப்ப நீயே சொல்லிடு."

"சொல்லும்போது என் மூஞ்சிய பாப்பாரே! நீ லெட்டர் நல்லா எழுதுவ. அங்க எல்லார் முன்னாடியும் மிஷின் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிடு. நோகாம."

நோகாமல் சொல்ல என் கடிதத்துக்குத் தெரியவில்லை. மூன்று தாள் கிழித்தேன். கதையாக எழுதினால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும் என்று தோன்றியது.

4

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். தங்கையை நம்ப முடிகிறது. மாப்பிள்ளைதான் இடிக்கிறார். தினமும் காலையில் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுகிற மனிதருக்கு, தன் இடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதா? கதையில் இப்படி ஒரு ஓட்டை இருந்தால் வாசகர் காறித் துப்புவார்.

தெரியாததைக் கேட்டு எழுதுவது என் பழக்கம். ஒட்டடைக்குப் போன் செய்தேன், பட்டையைப் பற்றி விவரம் கேட்பதுபோல.

"ஒருத்தர் பட்டைய இன்னொருத்தர்தான் சார் சரிபாக்கணும். அதான் எங்க முறை. கொக்கி நிக்கிற எடத்துல பேனாவால கோடு போட்டு வச்சுக்குவோம்."

"மாப்பிள்ளை கோடு எங்க நிக்குது?"

அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கும் சத்தம்.

"முதல்ல கொஞ்சம் நகந்துச்சு சார். அப்புறம் நகரல. நின்ன எடத்துலயே நிக்குது."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? பேன்ட்டுல பழைய தையல் தடம் அப்படியே தெரியுதே. 'வாயத் தொறந்துடாதடா, நான் இளைக்கிறேன்னு அவ அவ்வளவு சந்தோஷமா இருக்கா'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு." பிறகு மெதுவாக, "இப்ப நான் தொறந்துட்டேன்ல?"

"பரவால்ல."

"இப்பல்லாம் மேல தொங்கும்போது பேசறதே இல்ல சார். ஒரு நாள் மட்டும் திடீர்னு கேட்டாரு. 'கீழ நிக்க வச்சுட்டா, அவ என்னைக் கொறச்சலா நெனைப்பாளாடா?'"

5

இப்போது என் கதைக்கு வேலையே இல்லாமல் போனது. அவருக்குத் தெரிந்ததை அவருக்கே சொல்ல ஒரு கதையா? எதற்கும் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: முள் நூறுக்குக் கீழே வந்து நிற்கிறது. எனக்கும் ஆசைதான். எழுதுகிறவன் கை வைத்த தராசை யார் நம்புவார்கள்?

முடிவு இரண்டு: ஒட்டடை புதிய ஆள் ஒருவனோடு மேலே போகிறான், கீழே கூம்புகளுக்கு நடுவில் அண்ணாந்து பார்த்தபடி [இதை என்னால் எழுத முடியவில்லை.]

முடிவு மூன்று: சாப்பிடும்போது இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கிறார்கள். அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.

இந்த நேரத்தில் தங்கை போன் செய்தாள்.

"எழுதிட்டியாண்ணே?"

"முடிவு வரல. சரி, அவரைக் கீழ நிக்க வச்சுட்டா உனக்கு எப்படி இருக்கும்?"

கடையில் தையல் மிஷின் ஓடி நின்றது.

"சொன்னா தப்பா நெனைக்காத. கீழ வேலைன்னா மத்தியானம் சாப்பிட வந்துடுவாரு. காத்து அடிக்கிற அன்னைக்கு நான் ஊசில நூல் கோக்க முடியாம உக்காந்திருக்க வேணாம். ஆனா இத அவர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? நான் சந்தோஷப்படுறேன்னு நெனைச்சுட்டா?"

அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஒரு வார்த்தை திருத்தவில்லை.

6

முடிவு எழுதப்போவதில்லை. கடைசித் தாளை வெறுமையாக வைத்திருக்கிறேன்.

தங்கச்சி, நீ கேட்டது அவருக்கு ஒரு கடிதம். இது உங்கள் இரண்டு பேருக்கும். மாப்பிள்ளை, ஒட்டடையைத் திட்டாதீர்கள், நான்தான் கிண்டினேன். முதலில் பிரிப்பவர் உரக்கப் படியுங்கள். அடுத்தவர் எழுந்து போகாமல் கேளுங்கள். எடை பார்க்கும் நாளுக்கு முன்பே வந்துவிடும், தபால் நிலையத்தில் கேட்டுவிட்டேன். அன்றைக்கு முள் எங்கே நின்றாலும் நிற்கட்டும். அதற்குள் உங்கள் வீட்டு மேசையில் யார் என்ன பேசினீர்கள் என்பதுதான் கதை.

வாசகரே, உங்கள் பிரதியிலும் கடைசித் தாள் வெறுமைதான். உங்களுக்கும் இப்படி ஒரு மேசை தெரிந்திருக்கும்.

உறையின் மேல் அவர் பெயரையும் அவள் பெயரையும் ஒரே வரியில் எழுதினேன். ஓரத்தை நாக்கால் நனைத்து, மூலை மூலையாக அழுத்தி ஒட்டினேன். தெருமுனைப் பெட்டியின் வாய்க்குள் பாதி நுழைத்து, கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் நின்றேன்.

பிறகு விரலை எடுத்தேன்; உறை உள்ளே விழுந்தது.