ஆறாவது மாடிக்கு லிப்ட்

வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிப்டில் ஏறக் கூடாது என்ற அடுக்குமாடிச் சங்கத்தின் விதியை நீதிமன்றத்தில் உடைத்தெறிந்த வக்கீல், மறுநாள் காலையில் தன் அம்மாவை அங்கே வேலைக்குக் கொண்டுவந்து விட்டாள். முழங்கால் தேய்ந்த அம்மாவோ பழக்கதோஷத்தில் பின்படிக்கட்டைப் பார்த்து நடந்தாள்.

"எங்கம்மா போற? ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்த தீர்ப்பு உனக்குக் கிடையாதா?"

"கத்தாதடி. கோர்ட்டு சொன்னது உனக்குக் கேட்டுச்சு, என் காலுக்கு இன்னும் கேக்கல."

வக்கீலுக்குச் சுருக்கென்றது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். லிப்ட் திறந்தது. உள்ளே நின்ற சங்கத் தலைவி முகத்தைச் சுளித்தாள். வக்கீலின் நாக்கு நுனியில் சட்டப்பிரிவுகள் வரிசைகட்டி நின்றன. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளே கால் வைத்து, "ஆறாவது மாடி, கொஞ்சம் அமுக்குங்கம்மா" என்றாள்.

தலைவி அமுக்கினாள். மகளின் கையை மட்டும் அம்மா ஆறாவது மாடிவரை விடவே இல்லை.